அம்சவேணியின் நெஞ்சில் ஆட்டுத்தோல்

ஆம்பூர் பஜாரில் காலையில் ஒரு செய்தி கிளம்பினால், தோல் பதனிடுகிற ஷாப்பின் சங்கு ஊதி ஓய்வதற்குள் அது பாலாற்றங்கரை வரை போய், ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்துவிடும். 1959 கடைசியில் அப்படிப் பெருத்த செய்தி இது: தோல் தரம் பிரிக்கிற சம்பந்தத்தின் சம்சாரம் அம்சவேணிக்கு நெஞ்சுக்குள் கோளாறாம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன இடத்தில் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்துவிட்டார்களாம். அதுவும் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே.

இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த ஷாப்பின் தோல் என்பதில்தான் தகராறு. சம்பந்தம் வேலை செய்கிற ஷாப்பின் சரக்கு என்று ஒரு கட்சி. எதிர்த்த ஷாப்பின் முதல் தரம் என்று இன்னொரு கட்சி. "செகண்ட் சரக்கு வெச்சிருந்தா ரெண்டு வருசந்தான் தாங்கும்" என்று டீக்கடையில் ஒருவர் கணக்குச் சொன்னார். அவள் இனிமேல் மழையில் நனையவே கூடாது, தோல் ஊறிப்போகும் என்று ஒரு பெரிய மனுஷர் கவலைப்பட்டார். ஊரின் சரக்கு கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது என்று நகரசபையில் ஒருவர் பேசியதாகவும் கேள்வி.

செய்தி சுற்றியபோது அம்சவேணி ஊரில் இல்லை. வேலூரில் கிடந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டவர்களைவிட, தைத்தது வெள்ளாட்டுத்தோலா செம்மறித்தோலா என்று கேட்டவர்கள்தான் ஜாஸ்தி. சரி, பார்த்துவிடலாம் என்று நூல் பிடித்துக்கொண்டு போனால், அது போய் முட்டுவது சம்பந்தத்திடம்.

சம்பந்தம் ஒல்லி என்று சொன்னால் ஒல்லியானவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதில் ஷாப்பில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை சுமக்க வந்தவன், முப்பது வயதுக்குள் தரம் பிரிக்கிற மேஜைக்கு ஏறியிருந்தான். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, கட்டைவிரலை ஒரு ஓட்டம் ஓட்டினால் போதும். எங்கே முள் கீறியது, எங்கே அம்மைத் தழும்பு, எங்கே கத்தி ஆழமாய்ப் போனது என்று விரல் சொல்லும். அவன் எடுத்துப் போடுகிற அடுக்கு சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியில் திரும்பிப் பார்க்கப்படாமல் விலை போகும்.

அந்த ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தரச் சரக்கில் கை வைக்கப்போகிறவன், அவன் யாராக இருந்தாலும், முதலில் தலைமை மேஸ்திரி கலீமுல்லாவிடம் கையை நீட்ட வேண்டும். அவர் நகத்தைப் பார்ப்பார். விரல் நுனியைத் தன் விரலால் தேய்த்துப் பார்ப்பார். ஒரு நகக்கீறல் விழுந்தால் முதல் தரம் மூன்றாம் தரமாகிவிடும். "கையைக் காட்டாம தோலைத் தொடாத" என்பதுதான் அங்கே சட்டம். முதலாளியின் மருமகனே ஒருநாள் சரக்கைத் தொடப்போய், கையைக் காட்டச் சொல்லி, நகம் வெட்டிக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் அம்சவேணிக்குப் பிள்ளை இல்லை. அந்த ஆறு வருஷமும் சம்பந்தத்தின் அக்கா தனபாக்கியம் தன் ஆப்பக்கடைத் தட்டியைத் தட்டித் தட்டிப் பேசியதைத் தெருவே கேட்டிருக்கிறது. பிறகு ஒருவழியாக அவள் முழுகாமல் இருந்தாள். நாலாம் மாசம் குடத்தை இடுப்பில் வைத்தவள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் மாசம் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். "பிள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" என்றாள் தனபாக்கியம். இருமலில் ஒருநாள் சளியோடு சிவப்பாக வந்தது. அன்றைக்குத்தான் சம்பந்தம் அவளை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு சின்ன வார்டு இருந்தது. கர்ப்பத்தோடு வேறு ஒரு நோயும் சேர்ந்து வந்தவர்களுக்கு மட்டும். நெஞ்சு நோய், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. இன்னொரு இடத்தில் "பாக்கலாம், சாமி இருக்கார்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இங்கே வந்து படுப்பார்கள். இங்கேயும் சாமி இருந்தார்; கூடவே தினம் இரண்டு வேளை நாடி பார்க்கிற ஒரு டாக்டரம்மாவும் இருந்தார்.

டாக்டரம்மா குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கி ஜுரம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. பத்து வயசுல. மஞ்சப் பத்து போட்டாங்க."

"முட்டி வீக்கம் போயிடுச்சு. நெஞ்சுல இருக்கற ஒரு கதவைக் கெடுத்துட்டுப் போயிருக்கு. அது சரியா திறக்கல. பிள்ளை வளர வளர ரத்தம் ஜாஸ்தி ஓடணும். சந்து போதல. நுரையீரல்ல தேங்குது." அவர் சம்பந்தத்தைப் பார்த்தார். "பிரசவம் வரைக்கும் இங்கேயே படுத்திருக்கணும். எழுந்து நடக்கக் கூடாது. சோத்துல உப்பே கூடாது. உப்பு உடம்புல தண்ணியைத் தேக்கி வைக்கும். அந்தத் தண்ணி எங்க போய் நிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேணாம்."

"இல்லாங்காட்டி?"

"ரெண்டு உயிரும்" என்றார் டாக்டரம்மா.

பக்கத்துக் கட்டிலில் மனோரமா. ஆற்காட்டில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, சர்க்கரை நோய். இரண்டு பிள்ளைகள் ஒன்பதாம் மாசத்தில் வயிற்றிலேயே போய், மூன்றாவதற்கு இங்கே வந்து ஊசியும் அளவுச் சோறுமாகக் கிடந்தாள். நாக்கில் மட்டும் எந்த நோயும் இல்லை. "ஆற்காட்டுல பொறந்துட்டு ஊரு இனிப்பான மக்கன் பேடாவை முகர்ந்து பாக்கற பொழப்பு" என்பாள். அம்சவேணியின் சப்பென்ற சோற்றைப் பார்த்துவிட்டு, "உனக்கு உப்பு ஆகாது, எனக்கு சக்கரை ஆகாது. ரெண்டு பேரும் சேந்து ஒரு மளிகைக் கடையைப் பகைச்சிக்கிட்டோம்" என்றாள். அம்சவேணி சிரித்தாள்; சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

ஒரு மாசம் ஓடியது. இருமல் அடங்கியது. முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அந்தக் களைதான் வம்பாகப் போயிற்று.

ஏழாம் மாசம் பிறந்ததும் தனபாக்கியம் இரும்புப் பெட்டிபோல் வந்து இறங்கினாள். "நல்லாத்தானே இருக்கா? வளைகாப்புக்கு நாள் பாத்துட்டேன். திங்கக்கெழமை."

"அக்கா, எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா..."

"எந்திரிக்க வேணாம்டா. வளையல் நின்னுக்கிட்டா போடறாங்க? உக்காந்துதானே போடறாங்க?"

டாக்டரம்மா வளையலை வார்டுக்கே கொண்டுவரச் சொன்னார். தானே முதல் வளையல் போடுகிறேன் என்றார். தனபாக்கியம் அவர் எதிரில் தலையாட்டினாள். அவர் நகர்ந்ததும் தம்பியைத் திண்டுக்கல் பூட்டுபோல் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருசமா ஊருல எவளெவ வளைகாப்புக்கோ போய் சந்தனம் பூசிட்டு வந்தேன். மொய் வெச்சேன். இப்ப என் தம்பி பொண்டாட்டிக்கு மருந்து நாத்தத்துல வளையல் போட்டா, தெருவுல ஒருத்தி மதிப்பாளா? ஒரே நாள். திங்கக்கெழமை சாயந்தரம் கொண்டாந்து படுக்க வெச்சிடலாம்."

மேஜையில் ஆயிரம் தோலை வைத்தால் ஆயிரத்துக்கும் தயங்காமல் தரம் சொல்கிற சம்பந்தத்துக்கு, அக்காவிடம் ஒரு 'இல்லை' சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, மரத்தடியில் கொஞ்சம் காற்றாட உட்கார வைக்கிறோம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, அவளை வண்டியில் ஏற்றி ரயிலுக்குக் கொண்டுபோனான். மனோரமா மட்டும் கட்டிலிலிருந்து பார்த்தாள். "காத்து ஆம்பூர்லதான் அடிக்குதோ?" என்றாள். அவன் திரும்பாமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

திங்கட்கிழமை காலை வளைகாப்பு ஜாம் ஜாம் என்று நடந்தது. வாசலில் பந்தல். தெருப் பெண்கள் அத்தனை பேரும். கை நிறையக் கண்ணாடி வளையல்; ஒவ்வொருத்தியும் கன்னத்தில் சந்தனம் இழுகிவிட்டுக் காதோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள். அம்சவேணியும் சிரித்தாள். ஆறு வருஷமாக மற்றவர்கள் உட்கார்ந்த மணையில் இன்றைக்கு அவள்.

பிறகு சாதம் வந்தது. புளிச்சாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், எல்லாம் ஏழு வகை. ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். ஒரு மாசமாக உப்பைக் காணாத நாக்கு. முதல் வாய் தனபாக்கியம் ஊட்டினாள். அம்சவேணியின் கண் மூடித் திறந்தது. இரண்டாம் வாய்க்கு அவள் தானே குனிந்தாள். பந்தல் காலோரம் நின்ற புருஷனை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். சாப்பிடலாமா என்று கேட்கிற பார்வை. சுற்றிலும் நாற்பது பெண்கள், நடுவில் அக்கா. சம்பந்தம் பந்தல் கயிற்றின் முடிச்சைப் பார்க்க ஆரம்பித்தான். பச்சைத்தோல்மேல் உப்பைக் கொட்டினால் எத்தனை தண்ணீர் கசியும் என்று தினம் கண்ணால் பார்க்கிறவன் அவன்.

உச்சி வெயில் ஏறும்போது இருமல் தொடங்கியது.

முதலில் தொண்டையில் பருக்கை சிக்கியதாக நினைத்து முதுகில் தட்டினார்கள். பிறகு அவள் மணையிலிருந்து சரிந்தாள். படுக்க வைத்தால் துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சில் குமிழி வெடிக்கிற சத்தம், ஹூக்கா இழுக்கிற மாதிரி. வாயோரம் நுரை. நுரை ரோஜா நிறத்தில் இருந்தது.

"கண்ணு பட்டுடுச்சு!" என்று கத்தினாள் தனபாக்கியம். "ஆறு வருசத்துக்கு அப்புறம் பூத்த பூ, எவ கண்ணோ பட்டுடுச்சு! கொண்டாங்கடி உப்பும் மெளகாயும்!"

உப்பும் மிளகாயும் கைப்பிடி நிறைய வந்தது. மூன்று சுற்றுச் சுற்றி, தணல் சட்டியில் போட்டாள். வெடித்தது. நெடி எழுந்தது. நாற்பது பெண்களும் இருமிக்கொண்டே "நெடியே வரல, அப்ப கண்ணு பட்டதுதான்" என்று சாட்சி சொன்னார்கள். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவள் முகத்துக்கு நேரே அந்தப் புகை போயிற்று. அம்சவேணியின் உதடு நீலமாயிற்று.

சம்பந்தம் வந்தான். தணல் சட்டியைக் காலால் எத்தினான். அது பந்தலுக்கு வெளியே போய் உருண்டது. "போதும்கா" என்றான். அவன் அக்காவிடம் வாழ்நாளில் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அது. சத்தம் போட்டதில் அவனுக்கே தொண்டை கட்டிக்கொண்டது.

ஷாப்பில் பெரியமேட்டுக்குப் போகிற லாரி தோல் கட்டு ஏற்றிப் புறப்பட நின்றது. கலீமுல்லா ஒரு வார்த்தைதான் கேட்டார்: "மூச்சு இருக்குதா?" பிறகு டிரைவர் ஜியாவுல்லாவைப் பார்த்து, "வேலூர் வரைக்கும் இது லாரி இல்ல, ஆம்புலன்சு. போ" என்றார்.

அம்சவேணியைப் படுக்க வைக்க முடியவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்து, சம்பந்தம் பின்னாலிருந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். அவளுடைய ஒவ்வொரு மூச்சும் அவன் கையில் தட்டியது. புது வளையல்கள் அதிர்ந்துகொண்டே வந்தன. தனபாக்கியம் மேலே தோல் கட்டுகளின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. இறங்கச் சொல்லவும் தைரியமில்லை.

மாதனூர் போயிற்று. பள்ளிகொண்டா போயிற்று. "வாத்தியாரே, கொஞ்சம் வேகமா" என்றான் சம்பந்தம். "இதுக்கு மேல மிதிச்சா பலகை ஓட்டையாயிடும்பா" என்றான் ஜியாவுல்லா. பொய்கைக்கு முன்னால் லாரி நின்றுவிட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. ரோடு அடைத்து மாடுகள். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து, அசை போட்டு, மறுபடி நின்றன. மாட்டுக்காரர்களும் அப்படியே.

அம்சவேணியின் தலை சம்பந்தத்தின் தோளில் விழுந்தது. "ஏங்க" என்றாள். அதற்குமேல் சொல்ல மூச்சு இல்லை.

மேலேயிருந்து தொப்பென்று ஒரு சத்தம். தனபாக்கியம் குதித்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடுகளுக்கு நடுவில் புகுந்தாள். கையில் கிடைத்த வாலையெல்லாம் முறுக்கினாள்.

"யாரும்மா நீ? மாட்டைத் தொடாத!" என்று ஒரு வியாபாரி ஓடிவந்தான்.

"ஒதுங்குடா! உன் மாட்டுத்தோலு நாளைக்கு என் தம்பி மேஜைக்குத்தான் வரணும். அஞ்சாந்தரம் போடச் சொல்லுவேன், ஜாக்கிரதை!"

வியாபாரி பயந்தது மிரட்டலுக்கா, அவள் உருவத்துக்கா என்று தெரியவில்லை. வழி பிறந்தது.

வார்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சம்பந்தத்துக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மா அம்சவேணியின் கை கால்களில் ரப்பர் பட்டை கட்டி, ஒன்றை அவிழ்த்து இன்னொன்றை இறுக்கி, ரத்தம் ஒரேயடியாக நெஞ்சுக்குத் திரும்பாமல் மாற்றி மாற்றிப் பிடித்தார். மூக்கில் பிராணவாயு. ஒரு ஊசி, இன்னொரு ஊசி. வீங்கிய மணிக்கட்டில் பட்டையைக் கட்ட வளையல்கள் இடைஞ்சலாக இருந்தன. நர்ஸ் ஒவ்வொன்றாக உடைத்தாள். சத்தம் வராமல் துணியில் சுற்றித்தான் உடைத்தாள். ஆனாலும் தனபாக்கியம் காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் குமிழிச் சத்தம் அடங்கியது. அம்சவேணி இருந்தாள். வயிற்றில் பிள்ளையும் இருந்தது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா என் கையில எதுவும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "வராம இருக்காது. பிரசவ வலியைத் தாங்கற நெஞ்சு இது இல்ல. கதவை இப்பவே திறக்கணும்."

அதற்கு ஒரு நெஞ்சு டாக்டர் இருந்தார். உயரமான மனுஷர், மெதுவாகப் பேசுவார். சம்பந்தத்தையும் தனபாக்கியத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "விலா எலும்புக்கு நடுவுல திறப்போம். நெஞ்சு துடிச்சுக்கிட்டே இருக்கும். நிறுத்த முடியாது. ஓரத்துல ஒரு சின்னத் துளை போட்டு, விரலை உள்ள விட்டு, ஒட்டிப்போன கதவைப் பிரிச்சு விடணும். அது காஞ்ச தோல் மாதிரி தடிச்சுக் கெடக்கு."

"விரலையா?" என்று எழுந்துவிட்டாள் தனபாக்கியம். "துடிக்கற நெஞ்சுக்குள்ள விரலையா? டேய் சம்பந்தம், வாடா, அவளை ஊருக்குக் கொண்டு போயிடலாம். செத்தாலும் முழுசா சாவட்டும், இப்படி வேணாம்..."

"அக்கா, உக்காரு." தொண்டை இன்னும் கட்டியிருந்தது. அவன் டாக்டரைப் பார்த்தான். "எந்த விரல் சார்?"

"ஆள்காட்டி விரல்."

"கையைக் காட்டுங்க."

அறையில் இருந்த நர்ஸ் சிரிக்கப் போய், டாக்டரம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நெஞ்சு டாக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு வலது கையை மேஜைமேல் நீட்டினார். சம்பந்தம் அதைத் தோலைத் திருப்புகிறதுபோல் திருப்பினான். நகத்தைப் பார்த்தான். ஒட்ட வெட்டியிருந்தது. விரல் நுனியைத் தன் கட்டைவிரலால் தேய்த்தான்.

"கையில உறை மாட்டுவீங்களா?"

"மாட்டுவேன். மெல்லிசு. பழகிடுச்சு."

"உள்ள போனது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரத்தம் நிறைஞ்சிருக்கும். விரலுக்குத்தான் தெரியும்."

"எங்க அழுத்தினா பிரியும், எங்க அழுத்தினா கிழியும்னு..."

"அதுவும் விரலுக்குத்தான் தெரியும்."

"கிழிஞ்சிருக்குதா சார், எப்பவாச்சும்?"

டாக்டர் தன் விரலை ஒருதரம் பார்த்தார். "கிழிஞ்சிருக்கு" என்றார்.

தனபாக்கியம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சம்பந்தம் கையை விட்டான். ஷாப்பில் இதுவரை ஒரு தோலும் கிழித்ததில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவனைக் கலீமுல்லா வாசலோடு அனுப்பிவிடுவார். கிழித்ததைச் சொல்கிறவனைத்தான் மேஜைக்கு ஏற்றுவார். சம்பந்தம் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வில்லங்கம் ரத்தம். ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று பாட்டில் தயாராக இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும். செய்தி போனதும் அம்சவேணியின் சித்தப்பாவுக்குத் திடீரென்று குடியாத்தத்தில் ஒரு கல்யாணம் முளைத்தது. மாமன் மகனுக்கு முதுகில் பிடிப்பு. சம்பந்தமே முதலில் போய் நின்றான். தராசில் ஏற்றினார்கள். நூறு ராத்தல் வேண்டும். முள் அதற்கு முன்னாலேயே களைத்து நின்றுவிட்டது. வெளியே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து மறுபடி ஏறினான். ரத்தம் எடுக்கிறவர் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கே யாராவது ரெண்டு பாட்டில் ஏத்தணும், போய்யா" என்றார்.

கலீமுல்லா ஷாப்பிலிருந்து வந்து ஒரு பாட்டில் கொடுத்தார். "வெள்ளிக்கெழமையானா இனிமே உன் சம்சாரம் பிரியாணி கேக்கும், தயாரா இருந்துக்க" என்றார். இரண்டாவது யார் என்று திகைத்து நின்றபோது, தராசு கிறீச்சிட்டது. தனபாக்கியம் ஏறியிருந்தாள்.

"எடையை எதுக்குய்யா சத்தமா படிக்கற? ஆஸ்பத்திரியா ஏலக் கடையா?" என்றாள். ஊசியைப் பார்த்ததும் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். ஆனால் கையை இழுக்கவில்லை. நல்லவேளை, இருவர் ரத்தமும் பொருந்தியது. மூன்றாவது பாட்டிலுக்கு ஆளில்லை. இரண்டோடு சமாளிக்கலாம் என்று டாக்டர்கள் துணிந்தார்கள். நாள் கடத்துவதில் ஆபத்து ஜாஸ்தி.

புதன்கிழமை காலை அம்சவேணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. சம்பந்தம் நடையில் நின்றான். பக்கத்தில் மனோரமாவின் புருஷன் அரங்கநாதன், தபால் ஆபீஸ் குமாஸ்தா, பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். மனோரமாவுக்கு அந்த வாரம் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்கப்போகிறார்கள். அதற்காக அவர் தன் ரத்தத்தை ஒரு பாட்டில் கொடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். எடைக்குக் குறையாமல் ஸ்டாம்பு ஒட்டுகிற மனுஷர்; தன் பாட்டிலில் சீட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்திருந்தார்.

வெயில் நடையின் பாதிவரை வந்தபோது நர்ஸ் வெளியே ஓடிவந்தாள். ரத்தம் நினைத்ததைவிட ஜாஸ்தி போகிறது. இரண்டும் தீர்ந்தது. அதே வகையில் இன்னொரு பாட்டில் பெட்டியில் இருப்பது ஒன்றே ஒன்று. அவள் அரங்கநாதனைப் பார்த்தாள்.

அரங்கநாதன் எழுந்தார். உட்கார்ந்தார். "அது என் சம்சாரத்துக்கு எடுத்து வெச்சது" என்றார். "ரெண்டு பிள்ளை போயிருக்கு எங்களுக்கு. நாளன்னிக்கு அவளுக்கு வேண்டியிருந்தா? நான் திரும்பக் குடுக்க இன்னும் எத்தனையோ நாள் ஆகணும்னு சொல்றாங்க."

சம்பந்தம் எந்த முகத்தோடு கேட்பது? வார்டிலிருந்து களவாகக் கூட்டிப்போனவன் அவன்.

வார்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து மனோரமாவின் குரல் வந்தது. "குடுங்க."

"மனோ, நீ பேசாம இரு."

"நான் கட்டில்ல பத்திரமா படுத்திருக்கேன். அவ நெஞ்சு திறந்து கெடக்குது. குடுங்கன்னா!"

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கைமாத்துதான்" என்று சம்பந்தத்தைப் பார்த்துச் சொன்னார். "தானம் இல்ல. நீங்க திருப்பணும். நீங்க!"

"நான் திருப்பறேன் சார். சத்தியமா நான் திருப்பறேன்."

நர்ஸ் ஓடினாள். தனபாக்கியம் சுவர் ஓரம் தரையில் உட்கார்ந்து, யார்மேலும் பழிபோடாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அது புதுப் பழக்கம்.

நெஞ்சு டாக்டர் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் வேர்வை. "தடிப்பாத்தான் இருந்துச்சு" என்றார். "பிரிஞ்சுடுச்சு. கிழியல." டாக்டரம்மா பின்னாலேயே வந்து, வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டதாகவும், பிள்ளையின் நெஞ்சு குதிரை ஓடுகிறமாதிரி ஓடுகிறதென்றும் சொன்னார். சம்பந்தம் அப்படியே தனபாக்கியத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆக, ஆட்டுத்தோல் எதுவும் இல்லை. தையல் விலாவில் மட்டும்தான். "காஞ்ச தோல் மாதிரி" என்று டாக்டர் சொன்னதை தனபாக்கியம் ஆப்பக்கடையில் சொன்னாள். ஆப்பம் வேகிற நேரத்தில் 'மாதிரி' ஆவியாகிவிட்டது. மிச்சத்தை ஆம்பூர் பார்த்துக்கொண்டது. துடிக்கிற நெஞ்சுக்குள் விரலை விட்ட நிஜக்கதையைச் சொன்னால், "யார்கிட்ட ரீல் விடற?" என்று கேட்கிறார்கள். தோல் என்றால் நம்புகிறார்கள்.

மனோரமாவுக்கு அதே வாரம் ஆண்பிள்ளை பிறந்தது. ரத்தம் தேவைப்படவில்லை. அந்த நாள் முழுக்க சம்பந்தம் நடையில் நின்றுகொண்டிருந்தான். பிள்ளையின் அப்பாவைவிட அதிகமாக வேர்த்தது அவனுக்குத்தான். அம்சவேணி உப்பில்லாமல், வளையலும் இல்லாமல் இன்னும் இரண்டு மாசம் படுத்திருந்து, தை மாசம் ஒரு பெண்ணைப் பெற்றாள். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். மூச்சு முட்டவில்லை.

ஊர் திரும்பியதும் சம்பந்தம் ஆற்காட்டுக்குப் போனான். அரங்கநாதன் வாசலிலேயே கேட்டார்: "குடுத்துட்டீங்களா?"

இன்னும் இல்லை. எடை போதவில்லை. அடுத்த தரம் நல்ல முதல் தரத் தோலில் ஒரு ஜோடி செருப்புத் தைத்து எடுத்துக்கொண்டு போனான். அவர் அதைத் தொடவில்லை. "செருப்பு குடுத்தா வாங்கினீங்க?" என்றார். கலீமுல்லா தானே இன்னொரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன் என்றார். அதற்கு சம்பந்தம் சம்மதிக்கவில்லை. அரங்கநாதனும் சம்மதிக்கவில்லை. "வாக்குக் குடுத்த உடம்புலேர்ந்து வரட்டும்" என்றார். மனோரமா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரையும் ஒரே தராசுல போடணும்" என்றாள்.

டாக்டரம்மா கொடுத்த இரும்பு மாத்திரையும் பூச்சி மருந்தும் அவன் உடம்பில் எங்கே போகின்றன என்று தெரியவில்லை. தனபாக்கியம் காலையில் முட்டை ஆப்பம் ஊட்டாத குறைதான். வருஷத்துக்கு இரண்டு முறை அவன் லீவு போட்டு வேலூர் போகிறான். மகளைத் தூக்கிக்கொண்டு அம்சவேணியும் கூடப் போகிறாள். அவள் நெஞ்சை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். இவன் ரத்தம் எடுக்கிற அறைக்குப் போய்த் தராசில் ஏறுகிறான்.

போன மாசம் ஏறியபோது சட்டைப்பையில் சில்லறை, இடுப்பில் சாவிக்கொத்து, வயிற்றில் ஆறு இட்லி. ரத்தம் எடுக்கிறவர் சாவிக்கொத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தான். முள் ஆடி நின்றது.

"ரெண்டு ராத்தல் கம்மி" என்றார் அவர்.

"போன தடவை மூணு" என்றான் சம்பந்தம்.